கோத்தகிரி பக்கம் இரண்டரை ஏக்கர் சரிவு நிலம்: 24 வீடு வருமா?

வரைபலகை | அக்டோபர் 6, காலை 10:12

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் கட்டட வடிவமைப்பு செய்கிறேன். இதுவரை செய்ததெல்லாம் சமதளம்தான், மலையில் இது முதல் வேலை.

இடம் கோத்தகிரி – குன்னூர் சாலையை ஒட்டிய ஒரு கிராமம். பழைய தேயிலை நிலம், இரண்டரை ஏக்கர். மேல் எல்லையில் பஞ்சாயத்து தார் ரோடு, கீழ் எல்லையில் ஓடை. அகலம் 80 மீட்டர், மேலிருந்து கீழே 126 மீட்டர். சரிவு 33. உரிமையாளர் கேட்பது 24 தனி வீடு, ஒவ்வொன்றும் 1200 சதுர அடி, எல்லா வீட்டு வாசலுக்கும் கார் போக வேண்டும்.

படிக்கட்டு வயல் மாதிரி ஆறு தளம் வெட்டி, தளத்துக்கு நாலு வீடு என்று ஒரு வரைபடம் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தளமும் 14 மீட்டர் அகலம்: வீட்டுக்கு 9, ரோட்டுக்கு 5. என் கேள்வி ஒன்றுதான். ஆர்சிசி தடுப்புச் சுவரை எவ்வளவு உயரம் வரை தைரியமாகக் கொண்டுபோகலாம்?


மண்சோதனை | அக்டோபர் 6, காலை 10:40

33 என்றால் 33 சதவீதமா, 33 டிகிரியா?


வரைபலகை | அக்டோபர் 6, காலை 10:55

டிகிரி என்றுதான் நினைத்தேன். இருங்கள், சர்வேயர் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.


மண்சோதனை | அக்டோபர் 6, காலை 11:30

பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இரண்டும் வேறு வேறு உலகம். 33 சதவீதம் என்றால் மூன்று மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறக்கம், அதாவது சுமார் 18 டிகிரி. 33 டிகிரி என்றால் 65 சதவீதம். உங்கள் 14 மீட்டர் தளத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் கணக்கில் அதன் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவே 4.6 மீட்டர் வித்தியாசம். இரண்டாவது கணக்கில் 9 மீட்டர், அதாவது மூன்று மாடி உயரம். இரண்டாவது உண்மை என்றால் இந்த இழையை இங்கேயே மூடிவிட்டு உரிமையாளரிடம் தேயிலையே பறிக்கச் சொல்லலாம்.


வரைபலகை | அக்டோபர் 6, பகல் 1:05

தாளில் ‘1:3’ என்று இருக்கிறது. சதவீதம்தான், தப்பித்தேன். ஆனால் போன வாரம் ஓடைப் பக்கம் நின்று போனில் அளந்தபோது 31 டிகிரி காட்டியது. அதுதான் மனதில் தங்கிக் குழப்பிவிட்டது.


மண்சோதனை | அக்டோபர் 6, பகல் 1:20

குழப்பம் இல்லை, போனும் சரி, சர்வேயரும் சரி. 1:3 என்பது மேல் முனையையும் கீழ் முனையையும் கோடு போட்டு இணைத்த சராசரி. மொத்த இறக்கம் 42 மீட்டர். கீழே ஒரு 30 மீட்டர் தூரம் 31 டிகிரியில், அதாவது 60 சதவீதத்தில் விழுகிறது என்றால் அங்கேயே 18 மீட்டர் போய்விடுகிறது. மிச்சம் 96 மீட்டரில் 24 மீட்டர்தான் இறக்கம். 1:4, நல்ல நிலம்! உங்களிடம் இருப்பது ஒரு நிலம் இல்லை, இரண்டு. ஆறு தளத்தில் கடைசி ஒன்றரைத் தளத்தை ஓடைக்கரைச் செங்குத்தில் வரைந்து வைத்திருக்கிறீர்கள்.

முதலில் டோட்டல் ஸ்டேஷன் (நில அளவைக் கருவி) வைத்து அரை மீட்டர் இடைவெளியில் சமவுயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, எடுங்கள். அது கைக்கு வரும்வரை பென்சிலைத் தொட வேண்டாம்.


மனைக்கணக்கு | அக்டோபர் 6, மாலை 4:45

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். ஊட்டி, குன்னூர் முழுக்க மலையை வெட்டித்தான் வீடு நிற்கிறது. உரிமையாளர் ஏக்கருக்குக் கொடுத்த விலைக்கு 24 வீடு இல்லாமல் கட்டுபடி ஆகாது. நல்ல ஆர்சிசி சுவர் போட்டால் மலை எங்கே போய்விடும்?


கல்லுக்கட்டு | அக்டோபர் 6, இரவு 8:30

சார், நான் கோத்தகிரியில் 34 வருஷமாகக் கல்லுக்கட்டு காண்ட்ராக்ட். மலை எங்கேயும் போகாது. சுவர்தான் போகும்.

என் சொந்தக் கதை, என் தப்பு. ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் 12 அடி உயரத்தில் சுவர் எடுத்தேன். கல் நல்ல கல், கலவை நல்ல கலவை, பூசினால் கண்ணாடி மாதிரி. வீப் ஹோலுக்கு (பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறும் துளை) ஐந்தடிக்கு ஒன்று என்று பிவிசி குழாய்த் துண்டு வைத்தேன், அதுவும் சுவரில் பாதி ஆழத்துக்குத்தான். பின்பக்கம் ஜல்லி போடவில்லை, வெட்டிய மண்ணையே தள்ளி மூடியாச்சு. இரண்டு மழைக்காலம் நின்றது. மூணாவது வருஷம் நவம்பரில், மழை விட்டு வெயில் அடித்த காலையில், சத்தமில்லாமல் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. சாயங்காலம் படுத்துவிட்டது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை, ஒரு கோழிக்கூண்டு மட்டும் போச்சு. விழுந்த கல்லை எடுக்கும்போது பார்த்தேன், பின்னால் மண் கூழ். என் குழாய்களில் ஒன்றிலும் சொட்டுக்கூட வந்த தடயம் இல்லை.

இப்போது சுவருக்குப் பின்னால் ஒன்றரை அடி ஜல்லி கையால் அடுக்காமல் நான் ஒரு வரிசை கல்கூட ஏற்றுவதில்லை.


மண்சோதனை | அக்டோபர் 6, இரவு 9:10

இவர் சொன்னதை எண்ணில் போடுகிறேன். 3 மீட்டர் சுவர், பின்னால் தண்ணீர் வடிந்த மண் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2.7 டன் தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் மேல்மட்டம் வரை நின்றால் கிட்டத்தட்ட 6 டன். மண் அதேதான், சுவரும் அதேதான், தண்ணீர் தங்கியது மட்டும்தான் புதிது. சுவருக்கு மேலே மறுபடி சரிவு ஏறினால் இரண்டு எண்ணும் இன்னும் கூடும். அதனால்தான் ‘ஆர்சிசியில் எவ்வளவு உயரம்’ என்ற கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. கம்பி போட்டு 6 மீட்டர்கூட எழுப்பலாம். பின்னால் தண்ணீருக்கு என்ன வழி என்று கேளுங்கள்.

மனைக்கணக்கு அவர்களுக்கு: ஆறு தளம், தளத்துக்கு 80 மீட்டர். 480 மீட்டர் நீளத்துக்கு 4.6 மீட்டர் சுவர். இந்தச் செலவை 24 வீட்டுக்குப் பிரித்துப் போட்டுப் பார்த்தீர்களா? கல் கட்டு என்றால் அடி அகலமே உயரத்தில் பாதிக்கு மேல் வேண்டும்.


மனைக்கணக்கு | அக்டோபர் 6, இரவு 9:32

போடவில்லை. நாளை போட்டுப் பார்க்கிறேன்.


கேத்திக்காரி | அக்டோபர் 7, காலை 6:50

கட்டடம் பற்றி எனக்குத் தெரியாது. 2009 நவம்பரில் கேத்தியில் இருந்தேன், அதை மட்டும் சொல்கிறேன்.

அந்த 10ஆம் தேதி ஒரே நாளில் கேத்தியில் பதிவானது 820 மில்லிமீட்டர். முதல் நாள் மதியமே எங்கள் பக்கத்து வீட்டுப் பின்கதவு மூடவில்லை. மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது என்று அவர்கள் மாமனார் இழைப்புளி தேடினார். ஊதியது கதவில்லை, நிலை சாய்ந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மண்ணை நேராக வெட்டி, சுவருக்கும் வெட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையக்கூட இடம் விடாமல் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் அந்த வெட்டில் எப்போதும் ஊற்றே இல்லாத இடத்திலிருந்து டீ நிறத்தில் தண்ணீர். அதைப் பார்த்ததும் என் அத்தை, ‘பால் குக்கரை அணைச்சுட்டு எல்லாரும் மேல் ரோட்டுக்கு வாங்க’ என்றார். வேறொன்றும் எடுக்க விடவில்லை. இரவு அந்த வீட்டின் பாதி கீழே போனது. மாவட்டம் முழுக்க 40 பேருக்கு மேல் இறந்த மழை அது. எங்கள் தெருவில் எல்லோரும் ரோட்டில் நின்றுகொண்டிருந்தோம்.

வரைபலகை தம்பி, நீங்கள் வரையும் வீட்டில் பின்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடம்?


வரைபலகை | அக்டோபர் 7, காலை 9:15

அக்கா, 60 சென்டிமீட்டர் விட்டிருந்தேன். அதுவும் வெளிச்சத்துக்காக.


கல்லுக்கட்டு | அக்டோபர் 7, காலை 9:40

நாலடி விடுங்க. மண்வெட்டியோடு ஒருத்தன் திரும்ப வேண்டாமா? அடைத்த வடிகாலை அப்புறம் எப்படித் தூர் வாருவது? நாலடி இருந்தால் பின்சுவரில் பூஞ்சையும் ஏறாது. மலையில் பாதி வீட்டில் அலமாரித் துணி நாறுவதே மண்ணோடு ஒட்டிய சுவரால்தான்.


நாற்காலி_ஓய்வு | அக்டோபர் 7, பகல் 12:20

நகரமைப்பு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். வரைபடத்தை இழைப்பதற்கு முன்னால் கிராமத்தின் பெயரை ‘ஹாகா’ பட்டியலில் பாருங்கள். மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம், 1990இல் அமைத்தது. பட்டியலில் உள்ள கிராமம் என்றால் கனிமவளம், வேளாண் பொறியியல், வனம் என்று பல மேசைகளின் கருத்து வேண்டும். சில்வர் ஓக் உங்கள் நிலத்தில் நின்றாலும் உங்கள் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொக்லைன் இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ராத்திரியில் இறக்கிவிட்டு விடிவதற்குள் மூடிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இன்னொன்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு அபாய வரைபடத்தில் ‘எங்கள் இடம் பச்சையில் இருக்கிறது’ என்று காட்டிக்கொண்டு வருவார்கள். அது 1:50,000 அளவு. உங்கள் 80க்கு 126 மீட்டர் அதில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு இரண்டரை மில்லிமீட்டர், ஒரு கடுகு. வட்டாரம் எப்படி என்று தெரிந்துகொள்ள அது நல்ல வரைபடம்தான். கடுகுக்குள் வீட்டு எண் தேட முடியாது.


பத்துமலை_பையன் | அக்டோபர் 7, மாலை 3:30

கோலாலம்பூரிலிருந்து. இங்கே குன்றுப் பக்கம் வீடு என்றாலே ஹைலண்ட் டவர்ஸ் ஞாபகம் வந்துவிடும். 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை மதியம். 12 மாடியில் மூன்று கட்டடம், முதல் கட்டடம் அப்படியே சாய்ந்து விழுந்தது. 48 பேர். அப்போது நான் ஆரம்பப் பள்ளி, அப்பா டிவி முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

பின்னால் குன்று, அடுக்கடுக்காகத் தடுப்புச் சுவர், கால்வாய்கள் பராமரிக்கப்படவில்லை. மேலே வேறொருவர் நிலத்திலிருந்து வரும் ஓடை நீரும் அந்தச் சரிவுப் பக்கமே வந்தது. மண் சரிந்து தள்ளியதில் அடித்தளத் தூண்கள் போயின. மிச்சம் இரண்டு கட்டடமும் நிற்கத்தான் செய்தன, ஆனால் யாரும் குடிபோகவில்லை, பல வருஷம் காலியாகக் காடு ஏறிக் கிடந்தன.

சண்டைக்கு வரவில்லை. ஆனால் உங்கள் வரைபடத்தில் மேல் ரோட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதே இல்லை அண்ணா. உங்கள் தாள் எல்லைக் கோட்டில் முடிகிறது, தண்ணீருக்கு எல்லைக் கோடு தெரியாது.


நாற்காலி_ஓய்வு | அக்டோபர் 7, மாலை 4:10

அதே 1993 நவம்பரில்தான் இங்கே மரப்பாலம். குன்னூர் மலைப்பாதையில் பேருந்துகளோடு ரோடே கீழே போனது. வயநாட்டில் 2024 ஜூலை 30 நடந்த நிலச்சரிவும் இதைத்தான் காட்டியது. முண்டக்கை, சூரல்மலையில் இறந்தவர்களில் பலர் குடியிருந்தது ஆற்றோரச் சமதளத்தில். சரிந்தது எங்கோ மேலே, சேறும் பாறையும் ஓடி வந்த தூரம் சுமார் 8 கிலோமீட்டர்.


வரைபலகை | அக்டோபர் 7, இரவு 10:25

இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. ஒரு மாற்று யோசனை. வெட்டவே வேண்டாம், வீட்டைத் தூண்மேல் நிறுத்திவிட்டால்? கீழ்ப்பக்கத் தூண் 3 மீட்டர், மேல்பக்கத் தூண் 1.5 மீட்டர். நிலம் நிலமாகவே இருக்கும், தண்ணீர் அடியில் ஓடிவிடும்.


மண்சோதனை | அக்டோபர் 8, காலை 7:15

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் நிலநடுக்கத்தில் அடி வாங்குவது குட்டைத் தூண். மற்றதெல்லாம் ஒன்று என்றால், நீளம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. கட்டடம் ஆடும்போது நெட்டைத் தூண் வளைந்து கொடுக்கும், குட்டைத் தூண் வளையாமல் எல்லாப் பாரத்தையும் தானே வாங்கிக்கொண்டு குறுக்கே வெடிக்கும். மலை ஊர்களில் நிலநடுக்கத்துக்குப் பின் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தால் புரியும். நீலகிரி சிக்கிம் இல்லை, ஆனாலும் அந்தத் தூணை வேண்டுமென்றே எதற்கு வரைய வேண்டும்?

நடுவழி ஒன்று இருக்கிறது. வீட்டின் நீளப் பக்கத்தைச் சமவுயரக் கோட்டோடு படுக்க வையுங்கள். 14 மீட்டர் நீளம், 8 மீட்டர் ஆழம், உங்கள் 1200 சதுர அடி வந்துவிட்டது. இனி அந்த 8 மீட்டரை இரண்டு நாலு மீட்டர் பட்டையாக்குங்கள். 1:4 சரிவில் நாலு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். மேல் பட்டையில் கூடம், சமையலறை. ஏழு படி இறங்கினால் கீழ்ப் பட்டையில் படுக்கையறைகள். ஒவ்வொரு பட்டையிலும் வெட்டு அரை மீட்டர், நிரப்பு அரை மீட்டர், அவ்வளவுதான். 4.6 மீட்டர் சுவர் காணாமல் போயாச்சு. அஸ்திவாரம் மட்டும் நிரப்பு மண்ணில் நிற்கக் கூடாது, அதைத் தாண்டிப் பழைய மண்ணுக்குள் போக வேண்டும். இல்லையென்றால் ஒரு கால் கெட்டி மண்ணிலும் ஒரு கால் நிரப்பிலும் நின்று, முதல் மழைக்கே நடுக்கூடத்தில் கோடு விழும்.

ஐஎஸ் 14804 என்று ஒரு நெறிமுறை இருக்கிறது, 2000இல் வந்தது, மலைப்பகுதிக் குடியிருப்புகளுக்கென்றே எழுதியது. சின்னப் புத்தகம், ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம்.


ஹட்டன்_தபால் | அக்டோபர் 8, முற்பகல் 11:00

நான் இலங்கை மலையகம், ஹட்டன் பக்கம். எங்கள் தோட்டங்களில் லயத்தை (தொழிலாளர் வரிசை வீடு) விட்டு வெளியேறத் தனிவீடு கொடுக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி), 550 சதுர அடி வீடு. தலைமுறை தலைமுறையாகப் பத்தடி அறையில் கிடந்த சனத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை, எங்கள் வீட்டிலும் அதற்காகத்தான் காத்திருந்தோம்.

ஆனால் சரிவில் 7 பேர்ச் 7 பேர்ச்சாகக் கயிறு பிடித்தால் என்ன நடக்கும் என்று இந்த இழையைப் படிக்கும்போது யோசித்தேன். ஒவ்வொருவரும் தன் துண்டுக்குள் ஒரு வெட்டு வெட்டுகிறோம், பிறகு முற்றத்துக்காக இன்னொரு வெட்டு. என் வீட்டு வெட்டு மேல் வீட்டுக்காரரின் முற்றத்துக்கு அடி. அவர் பீலித் தண்ணீர் என் குசினிக் கூரையில். கேட்கப் போனால் சண்டை.

லயத்தைப் புகழ்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் அந்தக் காலத்தில் அதைக் கட்டியவன் இரண்டு விஷயம் சரியாகச் செய்தான். நீளவாக்கில் மலையோடு படுக்க வைத்தான், பின்னால் ஒரு கான் (வடிகால்) வெட்டினான். தேயிலைக்குள்ளும் அப்படித்தான், குறுக்கே கான், கானுக்குள் இடைக்கிடை குழி, தண்ணீர் நின்று நின்று போகும். கான் வெட்டுவதற்கென்றே முன்பெல்லாம் ஆள் இருந்தார்கள். இப்போது பல மலைகளில் கான் தூர்ந்துபோய்க் கிடக்கிறது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் புதைந்தன. அபாயம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், போக இடம்தான் இல்லை. 2025 நவம்பர் டிட்வா புயலில் எங்கள் பக்கம் எத்தனை மலை இறங்கியது என்று நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் நிலம் பழைய தேயிலை என்கிறீர்கள். அப்படியானால் உள்ளே கான் இருக்கும். தேடிப் பாருங்கள்.


சும்மா_படிப்பவன் | அக்டோபர் 8, முற்பகல் 11:20

வெட்டிவேர் நட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளாதா?


மண்சோதனை | அக்டோபர் 8, பகல் 12:00

மேல்மண் அரிப்புக்கு அருமை. வெட்டிய சரிவு முகத்தில் கட்டாயம் நடுங்கள். ஆனால் நீலகிரியில் சார்னோகைட் பாறைக்கு மேல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிய செம்மண் இருக்கும், சில இடத்தில் நடுவே வழுக்குகிற வெளிர் களிமண். சரிவு நழுவுவது அந்த ஆழத்தில். வேர் அதுவரை போகாது, வேரோடு சேர்ந்து மொத்தமாக இறங்கும்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரும் தொடவில்லை. கழிவுநீர். ஒரு வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர், 24 வீடு. தினம் 16,000 லிட்டர். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் வரைந்திருப்பீர்கள். அதாவது மழையே இல்லாத மார்ச்சிலும் நீங்களே மலைக்குள் தினமும் 16,000 லிட்டர் ஊற்றுகிறீர்கள், அதுவும் வீட்டு அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில். சரிவில் உறிஞ்சுகுழி கூடாது. கசியாத குழாயில் கீழே கொண்டுவந்து, ஓடைக்கும் செங்குத்துக்கும் எட்டாமல் ஒரு இடத்தில் சுத்திகரிக்க வேண்டும்.

கூரைத் தண்ணீருக்கும் அதே கணக்கு. கேத்தியில் பெய்த அந்த ஒருநாள் மழை உங்கள் 1200 சதுர அடிக் கூரையில் விழுந்தால் 91,000 லிட்டருக்கு மேல். ஒரு வீட்டிலிருந்து ஏறக்குறைய எட்டுத் தண்ணீர் லாரி.


மனைக்கணக்கு | அக்டோபர் 8, இரவு 7:50

சுவர்க் கணக்கு போட்டேன். எண்ணை இங்கே எழுத விருப்பமில்லை. 24 வீட்டில் ஐந்து வீடு விற்ற காசு சுவருக்கே போகிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கார் விஷயத்தில் நான் விடமாட்டேன். எல்லோரும் காரை மேலே நிறுத்திவிட்டுப் படியில் இறங்குங்கள் என்று சொல்லப்போகிறீர்கள். மேலிருந்து ஓடை வரை 42 மீட்டர், 15 சென்டிமீட்டர் படி என்றால் 280 படி. நிறைந்த கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. யார் தூக்குவது?


கேத்திக்காரி | அக்டோபர் 8, இரவு 8:05

இதில் இவர் பக்கம்தான் நான். என் அத்தைக்கு 74 வயது. 100 படிக்குக் கீழே வீடு என்றால் ஆஸ்பத்திரிக்கு வருவதையே நிறுத்திவிடுவார். படம் பார்க்க அழகாக இருக்கும், வாழ்பவர்களுக்கு முட்டி இருக்கிறதே.


மண்சோதனை | அக்டோபர் 8, இரவு 8:40

நியாயம். ஆனால் ஓடை வரை ரோடு போட்டால் 1:10 ஏற்றத்தில் 420 மீட்டர் நீளம். வடிகாலோடு சேர்த்து ஐந்தரை மீட்டர் அகலம் என்றால் நிலத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு ரோடாகவே போய்விடும். கொண்டை ஊசி வளைவுக்குத் தனி இடம் வேண்டும், வளைவில் ஏற்றம் 1:40க்கு மேல் போகக் கூடாது. எனவே பாதி தூரம் மட்டும் ரோடு. எங்கே என்பது சமவுயரக் கோடு வந்தால்தான் தெரியும்.


வரைபலகை | அக்டோபர் 29, இரவு 9:45

மூன்று வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். சர்வே வந்தது, மழையும் வந்தது. கல்லுக்கட்டு அண்ணாவும் நானும் 24ஆம் தேதி மழை கொட்டும்போதே நிலத்தில் மூன்று மணி நேரம் நடந்தோம்.

பார்த்ததைச் சொல்கிறேன். பஞ்சாயத்து ரோட்டுக்கு அடியில் ஒரு மோரி இருக்கிறது. மூன்று தடவை போய் வந்திருக்கிறேன், புதருக்குள் இருந்ததால் கண்ணில் படவில்லை. எதிர்ப்பக்க மலைத் தண்ணீர் மொத்தமும் அதன் வழியாக என் நிலத்தில் கொட்டுகிறது. எந்த இடத்தில் தெரியுமா? நான் முகப்பு வளைவும் காவலாளி அறையும் வரைந்திருந்த இடத்தில். தண்ணீர் தேயிலைக்குள் புகுந்து, நடுவில் ஒரு பள்ளத்தில் காணாமல் போய், கீழே செங்குத்து தொடங்கும் இடத்தில் நாலைந்து வாயாக வெளியே வந்தது. அதே விளிம்பில் நிற்கும் சில்வர் ஓக் ஐந்தும் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருக்கின்றன. ‘இந்த மரமெல்லாம் நடந்து வந்துக்கிட்டிருக்கு தம்பி’ என்றார் அண்ணா. அடி மண் மெல்ல நகர்கிறது என்று அர்த்தம்.

ஹட்டன் நண்பர் சொன்ன கானும் கிடைத்தது! முழங்காலளவு புல்லுக்கடியில் ஒன்பது வரிசை, எல்லாம் தூர்ந்துபோய். மண்வெட்டியால் ஒன்றில் ஆறடி சுரண்டியதும் தண்ணீர் அதில் திரும்பிப் பக்கவாட்டில் ஓடத் தொடங்கியது. அந்த ஆறடியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

பழைய வரைபடத்தை எடுத்துவைத்துவிட்டேன். புதியதில் முதல் கோடு மோரியிலிருந்து. அங்கிருந்து ஓடை வரை கல்லில் படிப்படியாக இறங்கும் திறந்த கால்வாய், இரண்டு பக்கமும் நாலு மீட்டர் காலியாக. ஒன்பது கானில் ஐந்தைத் தூர் வாரி அதில் இணைக்கிறோம். கீழ் 30 மீட்டரைத் தொடவில்லை, தேயிலை தேயிலையாகவே இருக்கும். ரோடு ஒன்றே ஒன்று, மேல் மூலையிலிருந்து நிலத்தின் குறுக்காக 80 மீட்டர் நீளத்துக்கு 1:10இல் இறங்கி 8 மீட்டர் கீழே முடிகிறது. வழியில் கால்வாயைத் தாண்ட ஒரு சிறு பாலம். ரோட்டின் மேல் முனையை ஒட்டி நாலு வீடு, கீழ் முனையை ஒட்டி நாலு. மூன்றாவது வரிசை மட்டும் படி, இன்னொரு 8 மீட்டர், 54 படி. அங்கே மூன்று வீடு. மொத்தம் 11.


மனைக்கணக்கு | அக்டோபர் 29, இரவு 10:10

உரிமையாளர் என்ன சொன்னார்?


வரைபலகை | அக்டோபர் 29, இரவு 10:30

‘பாதிக்கும் கீழே குறைத்துவிட்டாயே’ என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு, 11 வீட்டைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. 14 என்று பேரம் பேசுகிறார். மூன்றாவது வரிசைக்கு ஆள் வருமா என்றும் கவலை. நான் அந்த மூன்று வீட்டையும் கொஞ்சம் விலை குறைக்கச் சொன்னேன், சிலிண்டருக்குப் பதில் மேலிருந்து குழாயில் கேஸ். இன்னும் முடிவாகவில்லை.


மண்சோதனை | அக்டோபர் 30, காலை 7:00

வளைந்த மரத்தைப் படம் எடுத்தீர்களா? மூன்றாவது வரிசைக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே எவ்வளவு தூரம்? தண்ணீர் காணாமல் போன பள்ளத்தில் ஒரு சோதனைக் குழி கட்டாயம், மூன்றாவது வரிசையில் இரண்டு. வெளிர் களிமண் கண்ணில் பட்டால் மூன்று வீடும் போய்விடும். இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டக் கூடாது. தென்மேற்குப் பருவத்தில் உங்கள் பக்கம் பெரிதாகத் தெரியாது, 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியது நீலகிரியின் மேற்கே உள்ள அவலாஞ்சியில். கோத்தகிரிச் சரிவுக்குச் சோதனை இந்த நவம்பர்தான். குழியை இப்போதே எடுங்கள்.


வரைபலகை | அக்டோபர் 30, காலை 9:20

விளிம்பிலிருந்து 22 மீட்டர். படம் அனுப்புகிறேன். அண்ணா, குழி வெட்ட ஆள் கிடைக்குமா? இயந்திரம் இல்லாமல், கையால்.


கல்லுக்கட்டு | அக்டோபர் 30, காலை 10:05

நாலு பேர் சொல்லி வைத்திருக்கேன். திங்கள் காலை ஏழு மணிக்கு மோரிகிட்ட வந்துடுங்க. போன தடவை மாதிரி குடை எடுத்துட்டு வராதீங்க, தேயிலைக்குள் விரிக்கவே முடியாமல் தூக்கிக்கிட்டே நடந்தீங்க. மழைக்கோட்டு போதும். அப்புறம் அட்டைக்கு ஒரு கை உப்பு.